துடைப்பதற்கு முன்னால் உலர்த்துங்கள்: குமரி மாவட்ட வீடுகளில் ஒவ்வாமையைக் குறைக்கும் வழி

மதுரையிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ மாற்றலாகி நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் குடிவருகிறவர்கள் முதல் சில வாரம் பச்சையைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். ஆனி பிறந்து சாரல் பிடித்ததும் கதை மாறும். பிள்ளைக்கு விடியற்காலையில் அடுக்குத் தும்மல், பெரியவர்களுக்கு மூக்கடைப்பு, பீரோவைத் திறந்தால் ஒரு மக்கல் வாடை, மூலையில் கிடந்த தோல் செருப்பில் வெள்ளையாகப் பூசணம். உடனே வீட்டைக் கழுவத் தொடங்குவார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தரை சொட்டச் சொட்ட. காரியம் கெடுவது அங்கேதான்.

குமரிக்கு இரண்டு மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு. அது ஓய்ந்த கையோடு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. நடுவில் வீடு காய நேரமே கிடைக்காது. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை ஓரளவு காயும். அதன் பிறகு கோடை மழை வந்துவிடும். ஆகவே இங்கே சுத்தம் செய்வது என்றால் முக்கால்வாசி உலர்த்துவது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்வதெல்லாம் தானாகப் புரியும்.

மாவட்டத்துக்குள்ளேயே வித்தியாசம் உண்டு. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் கணவாய்க் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். காற்றாலைகள் அங்கே நிற்பது அதனால்தான். அங்குள்ளவர்களுக்கு ஈரத்தைவிடப் புழுதிதான் தொல்லை. குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் மரநிழலில் வீடு இருந்தால் சுவர் காய்வதே அபூர்வம். குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று தனிக்கணக்கு. உங்கள் வீடு எந்த ரகம் என்று முதலில் பாருங்கள்.

எதனால் தும்முகிறோம்?

பெரும்பாலும் மூன்று பேர். முதலாவது, டாக்டர்கள் டஸ்ட் மைட் என்று சொல்லும் தூசி உண்ணி. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்தான் அதற்குச் சாப்பாடு. தண்ணீர் குடிக்காது, காற்றிலுள்ள ஈரத்தை உடம்பு வழியே உறிஞ்சிக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் தொடர்ந்து 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வற்றிச் செத்துவிடும். நம் ஊரில் ஏசி இல்லாத அறையில் அப்படியொரு நிலை வருவது கஷ்டம். அது கடிப்பதில்லை. அதன் எச்சமும் செத்த உடலின் துகளும் மூக்குக்குள் போவதுதான் வினை.

இரண்டாவது பூசணம். மூன்றாவது கரப்பான்பூச்சி, அதன் எச்சில், கழிவு, உதிர்ந்த தோல் எல்லாமே மூச்சிழைப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளைகளுக்கு ஆகாது. பூனை வளர்க்கும் வீட்டில் நாலாவதாக அதுவும் சேரும். பூனையை வேறு வீட்டுக்குக் கொடுத்த பிறகும் அதன் துகள் மெத்தையிலும் சோபாவிலும் மாதக்கணக்கில் தங்கியிருக்கும்.

இந்த எல்லாவற்றுக்கும் ஒரே விதி: கொன்றால் மட்டும் போதாது. செத்த பூசணமும் தும்ம வைக்கும். கொன்றதைத் துடைத்தோ துவைத்தோ வெளியே கொண்டுபோக வேண்டும். சாம்பிராணி போடுவதாலும் மணக்கிற ஸ்பிரே அடிப்பதாலும் ஒரு பலனும் இல்லை. மூச்சிழைப்பு உள்ளவர் இருக்கும் வீட்டில் அந்தப் புகையும் கொசுவத்திப் புகையும் சேர்ந்து இன்னொரு தொந்தரவு.

முதல் படி: ஈரத்தை அளந்து பாருங்கள்

ஹைக்ரோமீட்டர் என்று சின்னதாக ஒரு ஈரமானி ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். எதையும் வாங்குவதற்கு முன் அதை வாங்குங்கள். படுக்கையறையில் மெத்தை உயரத்தில் ஒரு நாள், பீரோவுக்குள் ஒரு நாள், சமையலறையில் ஒரு நாள் என்று வைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் 80ஐத் தாண்டி நிற்பதைப் பார்த்தால் பயப்பட வேண்டாம், இந்த ஊரில் அது சாதாரணம். 60க்குக் கீழே கொண்டுவந்தால் பூசணம் அடங்கும். 50க்கு வந்தால் உண்ணியும் குறையும்.

வீடு முழுவதையும் அந்த எண்ணுக்குக் கொண்டுவர முயலாதீர்கள், முடியாது. ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். யாருக்குத் தும்மலோ அவர் படுக்கிற அறை. ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் முகத்தை வைத்துக்கொண்டு கிடக்கிற இடம் தலையணைதான். வரவேற்பறைச் சோபாவை எண்ணிப் பிறகு கவலைப்படலாம்.

இரண்டாம் படி: ஜன்னலுக்கு நேரம் வையுங்கள்

"காற்றோட்டமாக வையுங்கள்" என்று எல்லோரும் சொல்வார்கள். வெளிக்காற்று காய்ந்திருக்கும்போது அது சரி. அடைமழையில் ஜன்னலைத் திறந்துபோட்டால் வெளி ஈரமெல்லாம் உள்ளே வந்து மெத்தையிலும் துணியிலும் குடியேறும். வெயில் முகம் காட்டும் நாளில் காலை பதினொரு மணி சுமாருக்கு எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, மின்விசிறியையும் ஓடவிட்டு, மூன்று மணிக்குள் சாத்திவிடுங்கள். மழை நாளில் காற்றடிக்கும் பக்கத்தை மட்டும் அடைத்து, மேலே உள்ள வெண்டிலேட்டரை விட்டுவைக்கலாம்.

வீட்டுக்குள் நாமே உண்டாக்கும் ஈரம் தனி. ஈரத் துணியை அறைக்குள் கொடியில் போட்டால் அதிலிருக்கும் லிட்டர் கணக்கான தண்ணீரும் அந்த அறைக் காற்றில்தான் கலக்கும். ஆடி மாதத்தில் வேறு வழியில்லை என்பது எனக்கும் தெரியும். குறைந்தபட்சம் படுக்கையறையில் வேண்டாம், வராந்தாவிலோ கார் நிறுத்தும் இடத்திலோ போடுங்கள். குளித்து முடித்ததும் வைப்பர் வைத்துச் சுவரையும் தரையையும் ஒரு தடவை தள்ளிவிட்டால் குளியலறைப் பூசணத்தில் பாதி வராது. அரிசி வேகும்போது எக்ஸாஸ்ட் விசிறி ஓடட்டும்.

ரப்பர் ஷீட் போடுகிற வீடுகளுக்கு ஒரு சொல்: புகை போடாத ஷீட்டில் மழைக்காலத்தில் பூசணம் பிடிப்பது நீங்கள் அறிந்ததுதான். அதைப் படுக்கையறையை ஒட்டிய சாய்ப்பில் அடுக்காதீர்கள். சரியாகக் காயாத கொப்பரைக்கும் இதே பேச்சு.

மூன்றாம் படி: படுக்கை

நேரமும் காசும் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

பழைய இலவம்பஞ்சுத் தலையணையை முதலில் கழித்துவிடுங்கள். பல வருடத் தோல் துகளும் உண்ணியும் அதற்குள்தான் இருக்கும். அதைத் துவைக்கவும் முடியாது. துவைக்கக்கூடிய தலையணை வாங்கி, அதற்கும் மெத்தைக்கும் நெருக்கமான நெசவில் ஜிப் வைத்து முழுவதும் மூடும் உறை போடுங்கள். கடையில் 'வாட்டர் புரூஃப்' என்று ரெக்சின் உறையைக் காட்டுவார்கள். அது உண்ணியைத் தடுக்கும், ஆனால் நம் ஊர் வியர்வைக்கு அதில் படுக்க முடியாது. உண்ணி, ஒவ்வாமைக்கு என்றே விற்கும் துணி உறையாகக் கேளுங்கள்.

விரிப்பு, தலையணை உறை, போர்வை மூன்றையும் வாரம் ஒருமுறை துவைக்க வேண்டும். குளிர்ந்த நீரில் அலசினால் எச்சம் போகும், உண்ணி சாகாது. 60 டிகிரிச் சூடு வேண்டும். சூடு வைக்கும் வாஷிங் மெஷின் இருந்தால் கவலையில்லை. இல்லாதவர்களுக்குச் சுலபக் கணக்கு ஒன்று: தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் ஒரு பங்கும் குழாய்த் தண்ணீர் ஒரு பங்கும் கலந்தால் அறுபதுக்குச் சற்று மேலே வரும். துணியும் வாளியும் கொஞ்சம் சூட்டைக் குடித்துவிடும், அதனால் கொதிநீரைச் சற்றுத் தாராளமாக விடுங்கள். துணியை அமிழ்த்தி, மூடி, கால் மணி நேரம் விட்டுப் பிறகு சோப்புப் போட்டு அலசுங்கள். கையை விடாமல் கம்பால் கிளறுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். சாயம் போகிற துணிக்கும் பட்டுக்கும் இது ஆகாது. சுடுநீர் தாங்காத பொம்மையையும் கம்பளியையும் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் முழுதாக ஒரு நாளுக்கு மேல் வைத்தால் உண்ணி செத்துவிடும். பிறகு அலசி எடுக்கலாம்.

மெத்தையை வெயிலில் போடும் பழக்கம் நம் பாட்டிமார் காலத்திலிருந்து இருக்கிறது. நல்ல பழக்கம்தான், ஆனால் பாதியில் நிறுத்திவிடுகிறோம். வெயில் உண்ணியை வற்ற வைக்கும். செத்ததும் எச்சமும் மெத்தையிலேயே இருக்கும். இரண்டு பக்கமும் நன்றாகக் காயவிட்டு, முற்றத்திலேயே வைத்துக் கம்பால் அடித்து உதறி, பிறகுதான் உள்ளே கொண்டுவர வேண்டும். அடிக்கிறவர் ஒவ்வாமை இல்லாதவராக இருக்கட்டும், முகத்தில் மாஸ்க் இருக்கட்டும். நாலரை மணிக்கு மேல் காற்றில் ஈரம் ஏறும். அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

ஒவ்வாமை உள்ளவருக்கு மெத்தையே வேண்டாமென்று நினைத்தால் கோரைப்பாயும் இரண்டு பருத்தி விரிப்பும் போதும். பாயை ஈரத்துணியால் துடைக்கலாம், வெயிலில் நிறுத்தலாம். மழைக்காலத்தில் சுருட்டி மூலையில் சாத்தினால் மட்டும் அதிலும் பூசணம் ஏறும், விரித்தபடி காயவிட வேண்டும். 2017 ஒக்கிப் புயலிலும் 2021 நவம்பர் வெள்ளத்திலும் மெத்தை நனைந்த வீடுகள் ஏராளம். நனைந்து ஓரிரு நாள் ஆகியும் காயாத மெத்தையைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். தூக்கிப் போடுவதுதான் சரி.

நான்காம் படி: தூசி

மேலிருந்து கீழே. மின்விசிறி, டியூப்லைட், பீரோ மேல்புறம், ஜன்னல் கம்பி, கட்டில், கடைசியில் தரை. விசிறி இறக்கையைத் துடைக்கப் பழைய தலையணை உறையை அதன்மேல் மாட்டி இழுத்தால் தூசி முழுவதும் உறைக்குள் விழும், உங்கள் தலையில் விழாது.

காய்ந்த வாரியலால் பெருக்கினால் தூசி இடம் மாறும், அவ்வளவுதான். எழும்பிய தூசி அடங்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். படுக்கையறையில் வாரியலை விட்டுவிட்டு, ஒட்டப் பிழிந்த ஈரத்துணியால் துடையுங்கள். 'ஒட்டப் பிழிந்த' என்பதைக் கவனிக்க வேண்டும். தரையில் நடந்தால் கால் ஒட்டக்கூடாது. துடைத்ததும் விசிறியைப் போட்டுக் காயவிடுங்கள். முற்றத்துக்கு ஈர்க்கு வாரியல் தாராளமாக இருக்கட்டும். தும்மல்காரர் அந்த நேரம் வெளியே போய்விட்டு, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து அறைக்குள் வந்தால் போதும். வேக்கும் கிளீனர் வாங்குவதானால் ஹெப்பா ஃபில்டர் உள்ளதைத்தான் வாங்க வேண்டும். மற்றவை ஒரு பக்கம் உறிஞ்சி மறுபக்கம் ஊதும்.

ஐந்தாம் படி: சுவர்

சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பதெல்லாம் பூசணம் அல்ல. கடலோர வீடுகளிலும், உப்பு மணலில் கட்டிய வீடுகளிலும் சுவருக்குள்ளிருக்கும் உப்பு வெளியே வந்து பொரிந்து நிற்கும். சோதித்துப் பார்ப்பது எளிது: கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். கரைந்து காணாமல் போனால் உப்பு. கரையாமல் வழவழத்தாலோ, கறுப்பும் பச்சையுமாகப் புள்ளி இருந்தாலோ பூசணம். உப்புக்காகத் தும்மல் வராது. ஆனால் உப்புப் பூக்கும் இடத்தில் ஈரம் இருக்கிறது என்பது உறுதி.

அடுத்த கேள்வி, ஈரம் எங்கிருந்து வருகிறது? ஓர் அடிச் சதுரத்துக்குப் பாலிதீன் ஷீட்டையோ அலுமினியத் தாளையோ சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது: மொட்டைமாடி விரிசல், சன்ஷேடு மேல் தேங்கும் தண்ணீர், குளியலறைக் குழாய்க் கசிவு, அல்லது அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஈரம். அறைப்பக்கம் நனைந்திருந்தால் அறைக்காற்றின் ஈரம்தான் படிகிறது. காற்றோட்டம் செய்தால் தீரும். ஓட்டு வீடாக இருந்தால் முதலில் மேலே ஏறி உடைந்த ஓட்டைத் தேட வேண்டும். ஓட்டின் மேல் விழுந்து மக்கும் சருகும் தண்ணீரைத் தேக்கி உள்ளே இறக்கும்.

காரணத்தை அடைக்காமல் பெயின்ட் அடிப்பது வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களின் பிரியமான வேலை. ஆறு மாதத்தில் பெயின்ட் கொப்பளித்துப் பின்னாலிருந்து பூசணம் எட்டிப் பார்க்கும். வீட்டுக்காரரிடம் பேசும்போது பாலிதீன் சோதனையைப் போட்டோ எடுத்துக் காட்டுங்கள், வாய்ப்பேச்சைவிட அது உதவும். ஈரம் ஏறும் பழைய சுவருக்கு பிளாஸ்டிக் எமல்ஷனைவிடச் சுண்ணாம்பு நல்லது. சுவர் மூச்சுவிடும், சுண்ணாம்பின் காரத்தில் பூசணமும் லேசில் பிடிக்காது.

பூசணத்தைத் துடைக்கும் முறை: N95 மாஸ்க், கையுறை, கண்ணாடி. அறைக்கதவைச் சாத்தி வெளி ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள். காய்ந்த பூசணத்தைச் சுரண்டவே கூடாது, வித்து வீடெல்லாம் பரவும். முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, சோப்புத் தண்ணீரும் பிரஷும் போட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள். பிறகு மின்விசிறியை அந்தச் சுவருக்கு நேராக வைத்து ஈரமே இல்லாமல் காயவிடுங்கள். குளியலறை டைல்ஸுக்கு வேண்டுமானால் ப்ளீச் பயன்படுத்தலாம்: பதினாறு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு திரவ ப்ளீச். ப்ளீச்சையும் கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். அடைத்த குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. வினிகரோடும் சேர்க்கக் கூடாது. இழைப்பு உள்ளவர் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம். பூசணம் மூன்றடிக்கு மூன்றடிக்கு மேல் பரவியிருந்தாலோ, பூச்சு கையோடு உதிர்ந்தாலோ கொத்தனாரைக் கூப்பிட வேண்டியதுதான்.

பீரோ, புத்தகம், சாமிப்படம்

மர அலமாரியை வெளிச்சுவரில் ஒட்டிப் போடாதீர்கள். நாலு விரல் இடம் விட்டால் பின்னால் காற்றுப் போகும். சாமிப்படங்களுக்குப் பின்புறம் பார்த்தீர்களா? ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். துணி முழுவதும் காய்ந்த பிறகே மடித்து வைக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு இஸ்திரி போட்டுவிடுங்கள், அந்தச் சூட்டில் மிச்ச ஈரமும் போய்விடும். கால்சியம் குளோரைடு உள்ள ஈர உறிஞ்சி டப்பா அலமாரிக்குள் நன்றாக வேலை செய்யும், தண்ணீர் நிரம்பியதும் மாற்றுங்கள். திறந்த அறையில் வைத்தால் வீண். அந்துருண்டை பூசணத்தைத் தடுக்காது. அதன் நெடி மூச்சுக்கும் ஆகாது, கைக்குழந்தைத் துணிகளோடு போடவே கூடாது.

சமையலறை

கரப்பானுக்குச் சோறு இல்லாவிட்டாலும் பல நாள் தாங்கும், தண்ணீர் இல்லாமல் தாங்காது. இரவு படுக்கும் முன் பாத்திரம் கழுவும் தொட்டியைத் துணியால் காயத் துடையுங்கள். மீன் கழிவு, மரச்சீனித் தோல், தேங்காய்ச் சிரட்டை எதுவும் இரவு முழுக்க உள்ளே இருக்கக்கூடாது. ஸ்பிரே அடிப்பதைவிட ஜெல் மருந்து நல்லது: கீல், அடுப்புக்குப் பின்புறம், ஃப்ரிட்ஜ் மோட்டார்ப் பக்கம் என்று சின்னச் சின்னப் பொட்டாக வையுங்கள். ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடித்தால் கரப்பான் ஜெல்லைத் தொடாது. சில வாரத்தில் குறைந்ததும் அலமாரித் தட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து எச்சத்தை அகற்ற வேண்டும். பலரும் விட்டுவிடுவது இந்தக் கடைசி வேலையைத்தான். மழைக்காலத்தில் கோதுமை மாவையும் மைதாவையும் காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஈரக்காற்றில் மாவிலும் உண்ணி பெருகும். அதைச் சாப்பிட்டுக் கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள் உண்டு.

என்ன வாங்கலாம், என்ன வேண்டாம்

ஏசி இருந்தால் 'டிரை' முறையில் வைத்துப் படுக்கையறையை உலர்த்துங்கள். சீசனில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். அணைப்பதற்கு முன் கால் மணி நேரம் வெறும் விசிறி முறையில் ஓடவிட்டால் உள்ளே ஈரம் தங்கிப் பூசணம் பிடிப்பது குறையும். டிஹியூமிடிஃபயர் வாங்கினால் கம்ப்ரெசர் உள்ளதாக வாங்குங்கள். இரண்டு மூன்றாயிரத்துக்கு வரும் குட்டி மெஷின் ஒரு நாளில் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்தால் அதிகம். ஏர் பியூரிஃபயர் பூனைத் துகளுக்கும் புகைக்கும் உதவும். உண்ணியின் எச்சம் கனமானது, சீக்கிரம் தரையில் படிந்துவிடும். அதற்காக அதை வாங்க வேண்டாம்.

பெரிய வேலைகளை மாசி, பங்குனிக்கு ஒதுக்குங்கள்: ஓடு மாற்றுவது, மாடி விரிசல் அடைப்பது, பெயின்ட், பரண் ஒழிப்பது. சித்திரைக்குப் பிறகு ஆரம்பித்தால் பூச்சு காயும் முன் மழை வந்துவிடும்.

படுக்கையை இந்த மாதிரி மாற்றிய பிறகு பலன் தெரியச் சில வாரமாகும். அதற்கும் மசியாவிட்டால் எதற்கு ஒவ்வாமை என்று சோதித்துக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் தேவையில்லாத பொருளுக்குச் செலவழித்துக்கொண்டிருப்பீர்கள். தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும் ரத்தத்தில் ஐஜிஇ என்ற ஒவ்வாமைப் புரதத்தைப் பார்க்கும் சோதனையும் உண்டு. உங்கள் டாக்டரிடமோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கேளுங்கள். தோல் சோதனைக்கு முன் சில நாள் அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். ரத்தச் சோதனைக்கு அது தேவையில்லை. இன்ஹேலரை மட்டும் வீடு சுத்தமாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, துடைப்பத்தைப் போட்டுவிட்டு 108க்குக் கூப்பிடுங்கள்.